முட்டுக்காடா, பழவேற்காடா, பிச்சாவரமா? கயாக்கில் ஜியோகேச்சிங் போக எந்தத் தண்ணீர் சரி

பொங்கல் முடிந்து வெயில் ஏறுவதற்குள் இருக்கும் அந்த இரண்டு மாதத்தில்தான் இந்தக் கேள்வி அதிகம் வருகிறது. "கயாக்கில் அலையாத்தித் திட்டுகளுக்குள் புகுந்து ஜியோகேச்சிங் போக வேண்டும். சென்னையிலிருந்து எங்கே கிளம்புவது?" கயாக் என்பது துடுப்பால் ஓட்டும் குறுகலான சின்னப் படகு, அலையாத்தி என்பது உப்புநீர்ச் சேற்றில் வளரும் மாங்குரோவ் காடு. கேட்பவர்களில் பாதிப் பேர் தரையில் நிறையப் பெட்டிகளைத் தேடி எடுத்தவர்கள், தண்ணீருக்குப் புதியவர்கள். மீதிப் பேர் துடுப்புப் போடத் தெரிந்தவர்கள், ஜிபிஎஸ் வைத்துத் தேடுவதற்குப் புதியவர்கள். இரண்டு தரப்பும் வந்து நிற்பது இதே மூன்று பெயர்களில்தான்: முட்டுக்காடு, பழவேற்காடு, பிச்சாவரம்.

விளையாட்டைப் புதிதாகக் கேள்விப்படுகிறவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் ஒரு டப்பாவை எங்கோ ஒளித்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் ஜிபிஎஸ் பார்த்துத் தேடிப் போய், உள்ளே இருக்கும் சின்ன நோட்டில் பெயரெழுதிவிட்டு, எடுத்த இடத்திலேயே திரும்ப வைப்பார்கள். 2000ஆம் ஆண்டு மே 2 அன்று அமெரிக்க அரசு பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை நிறுத்தியது. அதுவரை நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டிக்கொண்டிருந்த கருவிகள் ஒரே நாளில் துல்லியமாகிவிட்டன. மறுநாளே டேவ் உல்மர் என்பவர் ஒரிகான் மாநிலத்தில் முதல் பெட்டியை வைத்தார். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒன்று முதல் ஐந்து வரை நிலப்பரப்பு மதிப்பெண் உண்டு. படகு போன்ற தனிச் சாதனம் இல்லாமல் போக முடியாத இடம் என்றால் ஐந்து. அந்த ஐந்தின் மேல் ஆசை வந்தவர்கள்தான் கயாக்கைத் தேடுகிறார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படத்தில் எந்த இடம் அழகாக இருக்கிறது என்று பார்த்து முடிவெடுக்காதீர்கள். அந்தத் தண்ணீர் எத்தனை மணிக்கு ஏறி எத்தனை மணிக்கு வற்றுகிறது, அங்கே படகு இறக்க யாரிடம் கேட்க வேண்டும் என்ற இரண்டுக்கும் பதில் கிடைத்த பிறகுதான் அழகு.

## எதை வைத்து எடை போடுவது

ஆழமும் ஓதமும் (கடல்நீர் ஏறி வற்றுவது). ஓர் ஆளும் ஒரு பையும் ஏறிய கயாக் நாலைந்து அங்குலம் அமுங்கும். துடுப்பு சேற்றைக் கிளறாமல் புரள வேண்டுமென்றால் மொத்தம் ஒன்றரை அடித் தண்ணீராவது வேண்டும். நம் கடற்கரையில் ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டர் அளவுக்குப் போகும், அஷ்டமி நவமியில் அதில் பாதி இருந்தால் அதிகம். ஆழ்கடலில் ஒரு மீட்டர் ஒரு பொருட்டே இல்லை. மொத்த ஆழமே ஒரு மீட்டர் உள்ள காயலில் (கடலோர உப்பங்கழியில்) அதுதான் எல்லாம். காலையில் மிதந்து போன வாய்க்காலில் மதியம் முழங்கால் சேறு இருக்கும். ஏற்ற நேரம் தினமும் ஐம்பது நிமிடம் போலத் தள்ளிப் போகும் என்பதால், போன வாரம் சரியாக இருந்த நேரம் இந்த வாரம் ஒத்துவராது.

துறைமுகத்துக்குப் போட்ட ஓத அட்டவணையை அப்படியே நம்பியும் போகக் கூடாது. குறுகிய முகத்துவாரம் வழியாக ஏறுகிற நீர் உள் ஓடைகளுக்குத் தாமதமாகத்தான் வந்து சேரும், உயரமும் குறைந்துவிடும். அதற்கு ஒரு கைவழி இருக்கிறது, அலையாத்தி வேர்களைப் பாருங்கள். நீர்மட்டத்துக்கு மேலே இரண்டு விரற்கடை அகலத்துக்கு வேர் கறுத்து ஈரமாக மின்னினால் தண்ணீர் வற்றிக்கொண்டிருக்கிறது. நீர் தொடும் இடம் வரை வேர் வெளுத்து உலர்ந்திருந்தால் ஏறிக்கொண்டிருக்கிறது. சிப்பிகள் ஒட்டிய பட்டை எங்கே முடிகிறதோ, வழக்கமான ஏற்றம் ஏறக்குறைய அந்த மட்டம் வரை வருகிறது என்று வைத்துக்கொள்ளலாம். கைப்பேசி செத்துப்போனாலும் இந்தக் கணக்கு கையில் இருக்கும்.

அனுமதி. காப்புக்காடு, பறவைகள் சரணாலயம், மீனவக் கிராமத்தின் தொழில் எல்லை, பாதுகாப்பு வளையம் என்று நான்கு வகைக் கோடுகள் இந்தத் தண்ணீர்களில் ஓடுகின்றன. எந்த வரைபடச் செயலியும் அவற்றை முழுதாகக் காட்டாது.

காற்று. கயாக்கில் தோளை ஒடிப்பது தூரமல்ல, எதிர்க்காற்று. நம் பக்கத்தில் முற்பகல் கழிந்ததும் கடற்காற்று எழும். மார்ச் தாண்டினால் அதன் வேகம் கூடிக்கொண்டே போகும்.

தேட என்ன இருக்கிறது. கிளம்புவதற்கு முன் ஜியோகேச்சிங் வரைபடத்தைத் திறந்து, அந்தப் பகுதியில் இப்போது உயிரோடு இருக்கும் பெட்டிகள் எவை, கடைசியாக யார் எப்போது எடுத்தார்கள் என்று பாருங்கள். ஒன்றுமே இல்லையென்றாலும் போகலாம், அதற்கான வழியைக் கீழே சொல்கிறேன்.

கண்ணில் படாத செலவு. வாடகை மட்டும் செலவில்லை. வண்டி, சுங்கம், கூட வரும் படகுக்காரர், தேவைப்பட்டால் ஒரு ராத்திரி அறை, பிறகு உப்பைக் கழுவிக் காயவைக்கும் அரை நாள் என்று எல்லாமே கணக்கில் வரும்.

## ஒரே பார்வையில்

| | முட்டுக்காடு | பழவேற்காடு | பிச்சாவரம் |
|---|---|---|---|
| சென்னை நடுவிலிருந்து | சுமார் 35 கி.மீ. | சுமார் 60 கி.மீ. | சுமார் 240 கி.மீ. |
| அலையாத்தி | கரையோரத்தில் துண்டு துண்டாக | அங்கங்கே சின்னத் திட்டுகள் | முழுக் காடு, ஐம்பதை ஒட்டிய திட்டுகள் |
| ஆழம் | பெரும்பாலும் இடுப்பு முதல் ஆளுயரம் | சராசரி ஒரு மீட்டர், பரந்த மணல்மேடுகள் | ஓர் அடி முதல் பத்தடி வரை |
| காற்றுக்கு மறைவு | குறைவு | இல்லை | மரங்களே மறைவு |
| யாரைக் கேட்பது | படகுக் குழாம், கயாக் நடத்துபவர் | வனத்துறை, மீனவக் கிராமம் | வனத்துறை, படகுக் குழாம் |
| எத்தனை நேரம் | அரை நாள் | விடியற்காலையிலிருந்து ஒரு நாள் | இரண்டு நாள் |
| மறைந்திருக்கும் செலவு | வார இறுதிக் கூட்டம், மழைக்குப் பின் அழுக்கு நீர் | துணைப்படகு, காற்று | அறை, பயணம், அனுமதிக்கான அலைச்சல் |

## முட்டுக்காடு: பழக்கத்துக்கான தண்ணீர்

கிழக்குக் கடற்கரைச் சாலைப் பாலத்தில் போகும்போது இரண்டு பக்கமும் விரிகிற கோவளம் காயல்தான் இது. சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுக் குழாம் நாற்பது ஆண்டாக இங்கே இருக்கிறது. கோவளத்தில் அலைச்சறுக்கு வளர்ந்த பிறகு கயாக்கும் நின்றபடி துடுப்புப் போடும் பலகையும் வாடகைக்குக் கொடுப்பவர்கள் வந்துவிட்டார்கள். லைஃப் ஜாக்கெட், துடுப்பு, அரை மணிப் பாடம் எல்லாம் அங்கேயே கிடைக்கும். சொந்தப் படகு இல்லாத ஒருவருக்கு இதைவிடக் குறைந்த செலவில் ஆரம்பிக்க வழியில்லை.

அலையாத்தித் தீவுகளுக்குள் வளைந்து வளைந்து போகும் அனுபவம் இங்கே கிடைக்காது. அதைத் தெளிவாகத் தெரிந்துகொண்டு வாருங்கள். கரையோரத்தில் அலையாத்தித் துண்டுகள் உண்டு, பக்கிங்ஹாம் கால்வாய் வந்து சேரும் பக்கம் அமைதியான மூலைகளும் உண்டு. ஆனால் இந்த நீரின் உண்மையான பயன் வேறு. ஒரு கையில் துடுப்பைப் பிடித்தபடி மறு கையில் ஜிபிஎஸ் பார்ப்பது, ஒரு புள்ளியில் படகை அசையாமல் நிறுத்துவது, நீர் இழுத்துக்கொண்டு போகும்போது அம்புக்குறி எப்படி ஏமாற்றுகிறது என்று உணர்வது எல்லாவற்றையும் இங்கே பழகிக்கொள்ளலாம். தரையில் நின்று தேடியவர்களுக்கு இந்த மூன்றாவது பாடம் கண்டிப்பாக வேண்டும். நடக்கும்போது நாம் நின்றால் கருவியும் நிற்கும். படகில் நாம் துடுப்பை வைத்துவிட்டாலும் தூரக்கணக்கு மாறிக்கொண்டே இருக்கும்.

காற்றுக் கணக்கு ஒன்று உண்டு. காலையில் படகுக் குழாமிலிருந்து மேற்கே உள்ளே போவது சுகமாக இருக்கும். பத்தரை, பதினொன்றுக்குத் திரும்பினால் கடற்காற்று நேராக முகத்தில் அடிக்கும். போன நேரத்தைப் போல ஒன்றரை மடங்கு திரும்புவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். கடல் பக்கமுள்ள முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் புதியவர்கள் போகவே வேண்டாம். வற்றத்தில் நீர் கடலை நோக்கி இழுக்கும், அங்கே அலை உடையும். கோடையில் மணல் வந்து முகத்துவாரம் அடைபட்டால் இந்த ஆபத்து குறையும், ஆனால் தேங்கிய நீர் நாற்றமெடுக்கும். பெருமழைக்குப் பிறகு வரும் முதல் சில நாட்கள் நகரத்துக் கழிவும் இதில் கலந்து வருகிறது. உடம்பில் காயம் இருப்பவர்கள் அப்போது இறங்கக் கூடாது.

குடும்பத்தோடு வருபவர்களுக்கு இங்கே ஒரு வசதி. தண்ணீரில் இறங்க விரும்பாதவர்கள் பக்கத்திலேயே தக்ஷிணசித்ரா என்ற கலை அருங்காட்சியகத்தில் நேரம் போக்கலாம். தண்ணீரில் இறங்குகிறவர்களும் கரையில் காத்திருப்பவர்கள் சலிப்பார்களே என்று அவசரப்பட வேண்டியதில்லை.

## பழவேற்காடு: தெரிந்தவர் கூட இருந்தால் மட்டும்

ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர்க் காயல். நீளம் சுமார் 60 கிலோமீட்டர், பெரும்பகுதி ஆந்திராவில். தெற்கு முனையில் பழவேற்காடு ஊர், அதை ஒட்டி முகத்துவாரம், கிழக்கே கடலையும் காயலையும் பிரிக்கும் ஸ்ரீஹரிகோட்டாத் தீவு. டச்சுக்காரர்கள் 1613இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டிய ஊர். மண்டை ஓடு செதுக்கிய அவர்களுடைய கல்லறைகள் இன்றும் நிற்கின்றன. தரையில் தேடுகிறவருக்கே இங்கே ஒரு நாள் போதாது.

நீரில் இறங்கினால் கதை மாறுகிறது. சராசரி ஆழம் ஒரு மீட்டர்தான் என்பதைக் கேட்டு, விழுந்தாலும் எழுந்து நின்றுவிடலாம் என்று பலர் தைரியம் கொள்கிறார்கள். ஆழமில்லாத, அகன்ற நீரில் காற்று அடித்தால் குட்டையான, நெருக்கமான, செங்குத்தான அலைகள் கிளம்பும். அவை கயாக்கைப் பக்கவாட்டில் புரட்டும். எழுந்து நின்றால் கால் சேற்றில் புதையும். ஊரிலிருந்து வடக்கே போய்விட்டுத் திரும்பும்போது தென்கிழக்கிலிருந்து வரும் கடற்காற்று எதிரே நிற்கும், ஒதுங்க ஒரு மரம் இருக்காது. 2011 டிசம்பர் 25 அன்று இங்கே சுற்றுலாப் படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தத் துயரத்துக்குப் பிறகு இங்கே வெளியாட்கள் படகேறுவதைக் கிராமமும் அதிகாரிகளும் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை. அந்தத் தயக்கம் நியாயமானது, அதை மதித்துத்தான் கேட்க வேண்டும்.

அதைவிட முக்கியம் பாடு. இந்தக் காயலில் யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை போடலாம் என்பதைக் கிராமங்கள் முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் பழைய ஏற்பாடு அது. ஒரு குடும்பத்துக்கு நல்ல பாடு கிடைக்கும் நாள் எப்போதாவதுதான் வரும். அன்றைக்கு அந்த இடத்தில் நம் கயாக் குறுக்கே போனால் அவர்களுடைய கூலி போகிறது. நமக்கு அது வரைபடத்தில் ஒரு நீலத் துண்டு மட்டுமே என்பதால்தான் இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. இறங்குவதற்கு முன் கரையில் வலை உதறிக்கொண்டிருப்பவரிடம் கேளுங்கள். "அண்ணே, இந்தப் பக்கம் போலாமா, வலை கெடக்கா?" என்று கேட்டால் போதும். துடுப்பைச் செங்குத்தாக நட்டு, நனைந்த இடத்தைக் கையால் பிடித்துக் காட்டி, "இப்ப இவ்ளோதான் தண்ணி, பத்து மணிக்கு மேல இதுவும் வத்திரும், அந்த மேட்டுக்கு வடக்கால போவாத தம்பி" என்பார். எந்தச் செயலியிலும் கிடைக்காத தகவல் அது. கூடவே வரச் சொல்லி அவருக்கு ஒரு நாள் கூலி கொடுத்துவிட்டால் பழவேற்காட்டின் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். அந்தக் கூலியைச் சேர்த்துத்தான் இந்த இடத்தின் செலவைக் கணக்கிட வேண்டும்.

மற்ற இரண்டு கோடுகள்: பறவைகள் சரணாலயமும் விண்வெளி மையமும். டிசம்பர் முதல் மார்ச் வரை பூநாரைகள் ஆழமில்லாத நீரில்தான் இரை தேடும். சத்தமில்லாமல் நெருங்கும் கயாக் அவற்றைத் திடுக்கிட வைக்கும், கூட்டமாக எழுந்துவிட்டால் அன்றைய இரை போச்சு. கழுத்தை உயர்த்திப் பார்க்க ஆரம்பித்தாலே திரும்பிவிடுங்கள். ஸ்ரீஹரிகோட்டாப் பக்கம் கையில் கருவியோடு கரை ஒதுங்குவது வேண்டவே வேண்டாம். கைப்பேசி அல்லது சாதாரண ஜிபிஎஸ் போதும். செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவிகளுக்குத் தொலைத்தொடர்புத் துறையின் உரிமம் தேவை, உரிமமின்றி வைத்திருந்து சிக்கியவர்கள் உண்டு. அந்தக் கரையைத் தூரத்திலிருந்து பார்ப்பதே எனக்குப் போதும். ஜிபிஎஸ் போல இந்தியாவே அமைத்த நாவிக் வழிகாட்டிச் செயற்கைக்கோள்கள் 2013 முதல் அந்தத் தீவிலிருந்துதான் மேலே போயின. காயல் நடுவே கைப்பேசி நம் இடத்தைக் கணக்கிடும்போது, நாவிக் சிக்னலைப் பெறும் கைப்பேசியாக இருந்தால், கண்ணுக்குத் தெரிகிற அந்தக் கரையிலிருந்து புறப்பட்டவையும் அந்தக் கணக்கில் சேரும். இந்த நினைப்பு எனக்கு ஒவ்வொரு முறையும் சிலிர்ப்பைத் தரும்.

பழவேற்காடு சரியான தேர்வாவது எப்போது? நன்றாகத் துடுப்புப் போடத் தெரிந்த இருவர் மூவர், ஜனவரி பிப்ரவரியில், வனத்துறையிடம் கேட்டுவிட்டு, உள்ளூர்ப் படகோடு, காலை ஆறுக்கு இறங்கிப் பத்துக்குள் கரையேறுவதாக இருந்தால். இதில் ஒன்று குறைந்தாலும் தரையில் கோட்டை, கல்லறை, முகத்துவாரம் என்று நடந்து தேடிவிட்டு வாருங்கள்.

## பிச்சாவரம்: கேள்வியில் கேட்டது இதைத்தான்

அலையாத்தித் திட்டுகளுக்கு நடுவே கயாக் என்று மனதில் ஒரு படம் இருந்தால், அது இந்த இடத்தின் படம். வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், நடுவே சுமார் 1,100 ஹெக்டேரில் சுரபுன்னையும் வெண்கண்டலும் நிறைந்த காடு. 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. 2004 ஆழிப்பேரலையின்போது இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த குப்பங்களுக்குச் சேதம் குறைவாக இருந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அந்த மரங்களுக்கு நாம் விருந்தாளிகள் என்ற நினைப்போடு போக வேண்டிய இடம்.

முதல் விஷயம் அனுமதி. இது காப்புக்காடு. காரின் கூரையில் கயாக்கைக் கட்டிக்கொண்டு போய் நேராக இறக்கிவிட முடியாது. சிதம்பரத்தில் உள்ள வனத்துறை அலுவலகத்தில் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். எந்த ஓடைகள், எத்தனை பேர், எத்தனை மணி வரை என்று அவர்கள் சொல்வதற்குள் உங்கள் தேடலை அமைத்துக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் படகுக் குழாமில் துடுப்புப் படகு எடுத்து, ஓட்டுகிறவரோடு போகலாம். கயாக் ஆசை நிறைவேறாது, ஆனால் தேடல் எந்த வகையிலும் குறையாது. இன்னும் சொல்லப்போனால் இரண்டு கையும் காலியாக இருப்பதால் கண் கூடுதலாக வேலை செய்யும்.

இங்கே ஜிபிஎஸ் வேறு மாதிரி நடந்துகொள்ளும். திறந்த வானத்தின் கீழ் நல்ல கைப்பேசி ஐந்து மீட்டருக்குள் சொல்லிவிடும். கிளைகள் மேலே கூடிக் குகையாகிற ஓடைக்குள் சிக்னல் இலையிலும் நீரிலும் பட்டுத் திரும்பி வருவதால் புள்ளி தாவும். ஜியோகேச்சிங்கில் பாகை, நிமிடம், நிமிடத்தின் மூன்று தசமம் என்று எழுதுகிறோம். அந்தக் கடைசி இலக்கம் ஒன்று மாறினால் தரையில் சுமார் 1.8 மீட்டர். அகலமே நான்கு மீட்டர் உள்ள ஓடையில் அந்தக் கடைசி இலக்கம் ஐந்து எண் பிசகினால் நீங்கள் பக்கத்து ஓடையில் தேடிக்கொண்டிருப்பீர்கள். அதனால் இங்கே எண்ணைவிடக் குறிப்பை நம்பிப் போக வேண்டும். கிளம்பும் இடத்தைப் புள்ளியாகப் பதிந்துவிட்டு, போகும் தடத்தையும் பதியவிட்டுத்தான் முதல் திருப்பத்தில் நுழைய வேண்டும். எல்லா ஓடையும் ஒன்றுபோலவே இருக்கும், மேலே சூரியன் தெரியாது.

செயற்கைக்கோள் படத்தில் இந்தக் காட்டைப் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள்: மீன்முள் போல ஒரு நடுக்கோடும் அதிலிருந்து இரண்டு பக்கமும் சாய்ந்து பிரியும் நேர்க்கோடுகளும். கயாக் தடத்துக்காகவே வெட்டிவைத்ததாகத் தோன்றும். அவை அழிந்துபோன காட்டை மீட்க, கன்றுகளுக்கு ஓத நீர் போய்ச் சேருவதற்காக வெட்டிய வாய்க்கால்கள். வனத்துறையும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனமும் உள்ளூர் மக்களோடு சேர்ந்து செய்த வேலை. அவற்றில் நுழையாதீர்கள். ஆழமும் இருக்காது, திருப்பவும் இடம் இருக்காது, துடுப்பு பட்டால் கன்று போகும்.

படகிலிருந்து இறங்குவதையும் தவிர்க்க வேண்டும். வெண்கண்டலின் சுவாச வேர்கள் பென்சில் நட்டதுபோல் சேற்றில் நிற்கும், மிதித்தால் ஒடியும். மரம் மூச்சுவிடுவது அவற்றின் வழியாகத்தான். தேடும் அவசரத்தில் கிளையை ஒடிப்பது அதைவிட மோசம். இந்தக் காட்டில் தில்லை மரமும் கலந்து நிற்கிறது, சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வரக் காரணமான அதே மரம். அதன் பால் தோலில் பட்டால் கொப்புளம், கண்ணில் பட்டால் தற்காலிகமாகப் பார்வையே போகும். கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள், ஒரு பாட்டில் நல்ல தண்ணீரைக் கண் கழுவ மட்டும் என்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஓடைகளில் இடுப்பளவு நீரில் உட்கார்ந்தபடி கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பழங்குடியினரைப் பார்ப்பீர்கள். தலை மட்டும்தான் வெளியே தெரியும். வளைவுகளில் மெதுவாகப் போங்கள், குரல் கொடுங்கள். எதிரே வருபவர் ஒதுங்க வேண்டும் என்று எதிர்பார்க்காமல் நாம்தான் ஒதுங்க வேண்டும்.

செலவு என்றால், எழும்பூரிலிருந்து சிதம்பரத்துக்கு ரயில் இருக்கிறது. அங்கிருந்து பிச்சாவரம் 15 கிலோமீட்டர் போல. ராத்திரி சிதம்பரத்தில் தங்கி, விடியும்போது இறங்குவதே சரி. ஒரே நாளில் காரில் போய்த் திரும்புகிறவர்கள் நண்பகலில் வந்து சேர்ந்து, ஓத நேரத்தையும் நிழலையும் ஒருசேர இழக்கிறார்கள். கொள்ளிடத்தில் வெள்ளம் போகும் நாட்களிலும், வடகிழக்குப் பருவமழை வலுத்திருக்கும்போதும் திட்டமிடாதீர்கள்.

## பெயர் அடிபடும் மற்ற இடங்கள்

அடையாறு முகத்துவாரத்தில் அலையாத்தி மீண்டு வருகிறது, நகரத்துக்கு நடுவே அது பெரிய விஷயம். ஆனால் அது படகு விடும் இடமல்ல, நீரும் இறங்கத் தக்கதல்ல. புதுச்சேரியின் தேங்காய்த்திட்டு, அரியாங்குப்பம் பக்கம் உள்ள காடு சின்னது, ஆனால் வழிகாட்டியோடு கயாக்கில் போக முடிகிறது. முட்டுக்காட்டில் பழகியாயிற்று, பிச்சாவரத்துக்கு இரண்டு நாள் ஒதுக்க முடியவில்லை என்பவர்களுக்கு நடுவழி அதுதான்.

## கெட்டிப் படகா, காற்றடைக்கும் படகா

சொந்தமாக வாங்க நினைப்பவர்கள் இதிலும் தயங்குகிறார்கள். காற்றடைக்கும் கயாக் பைக்குள் அடங்கும், ரயிலில் வரும், அடுக்குமாடி வீட்டில் கட்டிலுக்கடியில் போகும். விலையும் குறைவு. ஆனால் அலையாத்தி வேரில் ஒட்டிய சிப்பியின் விளிம்பு பிளேடு போன்றது. வற்றத்தில் அதன் மேல் உரசினால் மலிவான பிவிசி கிழியும். ஒட்டுப்போடும் பொருளும் பம்பும் எப்போதும் கூட வர வேண்டும். எடை குறைவு என்பதால் பழவேற்காட்டுக் காற்றில் தாள் மாதிரி அலையும். அடியில் நீட்டியிருக்கும் துடுப்புக்கட்டையைக் கழற்றாமல் ஆழமில்லாத நீரில் போனால் முதல் மேட்டிலேயே மாட்டும். கழற்றினால் நேராகப் போகாது.

மேலே உட்கார்ந்து ஓட்டும் கெட்டி பிளாஸ்டிக் கயாக் சிப்பியைப் பொருட்படுத்தாது. கவிழ்ந்தாலும் ஏறி உட்காரலாம். ஆனால் எடை இருபது கிலோவுக்கு மேல். காரின் மேல் கம்பி, கட்ட இரண்டு ஆள், வைக்க மொட்டை மாடி, உப்பைக் கழுவ நல்ல தண்ணீர் என்று எல்லாம் வேண்டும். லாரித் தண்ணீர் வாங்கும் குடியிருப்பில் கடைசியாகச் சொன்னது சண்டையில் முடியும். மாதம் ஒரு முறைகூட இறங்கப் போவதில்லை என்றால் எதையும் வாங்காதீர்கள், வாடகையே லாபம்.

## பெட்டி வைக்கலாமா

காப்புக்காட்டிலும் சரணாலயத்திலும் அனுமதியில்லாமல் வைக்கக் கூடாது, முடிந்தது. உப்புக்காற்றில் காந்த டப்பா துருப்பிடித்துவிடும், ஒரு வெள்ளத்தில் பிளாஸ்டிக் டப்பா அடித்துக்கொண்டு போய்க் காட்டில் குப்பையாகச் சிக்கும். அனுமதி கிடைக்கும் இடத்தில் வைப்பதென்றால், இருக்கையிலிருந்தே கை நீட்டி எடுக்கிற மாதிரி, மிக உயர்ந்த ஏற்றத்துக்கும் மேலே, மரத்தில் ஆணி அடிக்காமல் கட்டுங்கள். நிலத்துக்குரியவர் வெளிப்படையாகச் சம்மதிக்காமல் தரையைத் தோண்டிப் புதைப்பதை இந்த விளையாட்டின் விதியே தடுக்கிறது. உள்ளே பேனா வேண்டாம், பென்சில். ஈரத் தாளில் அதுதான் எழுதும்.

இதைவிட நல்ல வழி எர்த்கேச். 2004இல் வந்த வகை இது, டப்பாவே கிடையாது. போன இடத்தின் நிலவியலைப் பார்த்துக் கேள்விகளுக்கு விடை அனுப்ப வேண்டும். மணல் வந்து மூடித் திறக்கும் பழவேற்காடு முகத்துவாரமும், இரண்டு ஆறு கொண்டுவந்த வண்டலில் உருவான பிச்சாவரமும் இதற்கென்றே அமைந்தவை. இதற்கும் நிலத்தை நிர்வகிப்பவரின் சம்மதம் வேண்டும், ஆனால் பின்னால் குப்பை மிஞ்சாது. நண்பர்கள் நாலு பேர் மட்டும் என்றால் முட்டுக்காட்டில், படகு நடத்துபவரிடம் சொல்லிவிட்டு, காலையில் ஒருவர் டப்பாக்களை வைத்து மற்றவர்கள் தேடி, கரையேறும்போது எண்ணி எல்லாவற்றையும் எடுத்து வந்துவிடலாம். அதை இணையத்தில் பதிய முடியாது, ஆனால் பழக இதைவிடச் சிறந்த பயிற்சி இல்லை.

## யாருக்கு எது

கயாக்கில் உட்கார்ந்ததே இல்லை, அல்லது பத்து வயதுப் பிள்ளையோடு வருகிறீர்கள் என்றால் முட்டுக்காடு, வார நாளில், காலை ஏழு மணிக்கு. ஞாயிறு மதியம் மோட்டார் படகுகள் கிளப்பும் அலையில் பழக முடியாது.

அலையாத்திக் காட்டுக்காகவே வருகிறீர்கள், இரண்டு நாள் ஒதுக்க முடியும் என்றால் பிச்சாவரம். அனுமதி கடிதத்துக்கு முன்னால் ரயில் சீட்டு வாங்காதீர்கள். தேதியை நிச்சயிக்கும்போது விடுமுறையைப் பார்க்காமல் ஓத அட்டவணையைப் பாருங்கள், விடிந்து ஒரு மணி நேரத்தில் நீர் ஏற ஆரம்பிக்கும் நாளாக இருக்க வேண்டும். ஏறும் நீரில் உள்ளே போனால் எங்காவது தட்டி நின்றாலும் அரை மணியில் அதுவே தூக்கிவிடும். வற்றும் நீரில் தட்டி நின்றால் ஆறு மணி நேரம் அங்கேயேதான்.

துடுப்பில் கை தேர்ந்து, பறவைகளின் மேல் ஆசையும் ஊராரிடம் கேட்டு நடக்கும் பொறுமையும் இருந்தால் பழவேற்காடு. பொன்னேரி வரை புறநகர் ரயில், அங்கிருந்து பேருந்து என்று முதலில் படகில்லாமல் ஒரு முறை போய் வாருங்கள். கரையில் நின்று வலைகள் எங்கே கிடக்கின்றன, காற்று எத்தனை மணிக்குத் திரும்புகிறது என்று பார்த்து, கூட வரச் சம்மதிக்கும் படகுக்காரரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் உதவி எண் 1093. அதைக் கைப்பேசியில் பதிந்துவிட்டு, எத்தனை மணிக்குக் கரையேறுவீர்கள் என்பதை வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டு இறங்குங்கள்.